தேறுதலும் தேற்றுதலும்: குழந்தைப் பாதுகாப்பில் இடரையும் மீள்திறனையும் சேர்த்துப் பார்ப்பது

ஒரே வீட்டில் வளரும் இரண்டு குழந்தைகளை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கிறார். தாய் நெடுநாளாக மனச்சோர்வு நோயில் கிடக்கிறார். பத்து வயது மகன் பள்ளியில் அடிதடியில் இறங்குகிறான், கையில் கிடைத்ததை உடைக்கிறான், வாயைத் திறந்தால் பொய். எட்டு வயது மகளால் யாருக்கும் தொல்லை இல்லை. வீட்டுப்பாடத்தைத் தவறாமல் முடிக்கிறாள், என்ன கேட்டாலும் சிரிக்கிறாள், தாய்க்கு நேரம் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். புகாரின் பேரில் அந்த வீட்டுக்குச் செல்லும் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் மகனைப் பற்றிக் கோப்பில் பக்கம் பக்கமாக எழுதக்கூடும். மகளைப் பற்றி ஒரே வரிதான் இருக்கும்: ‘நன்றாகச் சமாளிக்கிறாள்.’ இடர் (தீங்கு நேரக்கூடிய வாய்ப்பு), மீள்திறன் (துன்பத்திலிருந்து மீண்டு வளர்வது) என்ற இரண்டு சொற்களையும் நாம் எவ்வளவு கவனமாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதை அந்த ஒரு வரியை வைத்தே சோதித்துவிடலாம்.

நவீன குழந்தைப் பாதுகாப்பு முதலில் கற்றுக்கொண்ட வேலை, நேர்ந்துவிட்ட தீங்கைக் கண்டறிவது. 1962இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பும் அவருடைய சக மருத்துவர்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு முறிவோடும் தலைக்காயத்தோடும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் சிறு குழந்தைகளில் சிலர் கீழே விழுந்தவர்கள் அல்லர், வளர்ப்பவர்களாலேயே அடிக்கப்பட்டவர்கள் என்பதை மருத்துவ உலகம் வாய்விட்டு ஒப்புக்கொள்ள அக்கட்டுரை வழி செய்தது. காயத்தைப் பார்த்து அறிவதோடு வேலை முடிந்துவிடவில்லை. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, உடல், மன வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் சுரண்டலிலிருந்தும் குழந்தையைக் காக்கும் கடமையை அரசுகள்மேல் வைத்தபோது, தடுப்பையும் அக்கடமையின் பகுதியாகவே சொன்னது. தடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டி அறிய வேண்டும். இடர் என்ற கருத்து இத்துறையில் தவிர்க்க முடியாததாக ஆவது இந்த இடத்தில்தான்.

முன்கூட்டி அறிவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 1000 குடும்பங்களில் 20இல் குழந்தை உண்மையிலேயே கடும் ஆபத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து உள்ள வீட்டை நூற்றுக்குத் தொண்ணூறு முறையும், இல்லாத வீட்டை நூற்றுக்குத் தொண்ணூறு முறையும் சரியாக இனங்காணும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று நம் கையில் இருப்பதாகவும் கொள்வோம். அவ்வளவு துல்லியமான படிவம் கிடைத்தாலே பெரிய பேறு. அந்த 20 வீடுகளில் அது 18ஐக் கண்டுபிடிக்கும், 2ஐத் தவறவிடும். ஆபத்தில்லாத 980 வீடுகளில் 98ஐயும் ஆபத்தானவை என்று சுட்டிக்காட்டிவிடும். ஆக, எச்சரிக்கை விழுந்த 116 வீடுகளில் 18 மட்டுமே உண்மையான ஆபத்து உள்ளவை. இதில் எந்தப் பணியாளரின் அலட்சியமும் இல்லை. அரிதாக நிகழும் ஒன்றை முன்னறிய முயலும் எந்தக் கருவிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எனவே படிவம் தரும் மதிப்பெண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது 98 குடும்பங்களுக்கு அநீதி. மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்று கோப்பை மூடுவது அந்த 2 குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய அநீதி. ‘இந்த வீட்டை இன்னும் கவனித்துப் பார்’ என்பதற்குமேல் அந்த எண்ணால் எதுவும் சொல்ல முடியாது.

இடர்கள் ஒன்றோடொன்று சேரும் விதமும் நாம் எளிதில் நினைப்பதுபோல் இல்லை. 1960களிலும் 1970களிலும் இங்கிலாந்தின் வைட் தீவிலும் லண்டனின் உள்நகரப் பகுதியிலும் குழந்தைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர், குடும்பத்திலுள்ள ஆறு பாதகங்களைக் கணக்கில் எடுத்தார்: பெற்றோரிடையே கடும் பிணக்கு, தாழ்ந்த சமூகநிலை, இடநெருக்கடி அல்லது பெரிய குடும்பம், தந்தையின் குற்றப் பின்னணி, தாயின் மனநோய், குழந்தை அரசுப் பராமரிப்புக்குச் சென்றிருத்தல். இவற்றில் ஒன்று மட்டுமே இருந்த குழந்தைகளுக்கு, எதுவுமே இல்லாத குழந்தைகளைவிட மனநலக் கோளாறு அதிகமாக இல்லை. இரண்டு சேர்ந்தபோது அது ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நான்கும் அதற்கு மேலும் சேர்ந்தபோது இன்னும் பல மடங்கு உயர்ந்தது. ஒவ்வொரு பாதகமும் மற்றொன்றின் கனத்தைக் கூட்டுகிறது என்பதே இதன் பொருள். களத்தில் உழைப்பவர்களுக்கு இதில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டின் எல்லாத் துன்பங்களையும் நம்மால் நீக்க முடியாது. ஆனால் நான்கில் ஒன்றை நீக்கினால், எஞ்சிய மூன்றின் கனமும் குறையலாம்.

இடர்க் காரணி என்பதும் காரணம் என்பதும் ஒன்றல்ல. வறுமை குழந்தையை அடிப்பதில்லை. அடிக்காத, அன்பு குறையாத ஏழைப் பெற்றோரே உலகில் மிகுதி. வறுமை செய்வது வேறு: அது பெற்றோரின் தூக்கத்தையும் பொறுமையையும் நேரத்தையும் தின்கிறது, உதவி கேட்டு ஓடக்கூடிய உறவுகளிலிருந்து அவர்களைப் பிரிக்கிறது. இதை மறந்தால், இல்லாமையைப் புறக்கணிப்பு என்று எழுதிவிடும் பிழை நேர்கிறது. வாடகை கட்ட வழியில்லாத தாய்க்குக் குழந்தை வளர்ப்பு வகுப்புக்கு வரும்படி ஆணை அனுப்புவதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. கொடுமை, வீட்டு வன்முறை, குடும்பத்தில் போதைப் பழக்கம் போன்ற பாதக அனுபவங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ கொண்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று அது காட்டியது. பின்னர் பலர் இந்த எண்ணிக்கையைத் தனித்தனிக் குழந்தைகளுக்கு முத்திரையாகக் குத்தத் தொடங்கியபோது, அதை அப்படிப் பயன்படுத்தலாகாது என்று ஆண்டாவே 2020இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுத வேண்டியிருந்தது. மக்கள்திரளைப் பற்றிப் பேசும் எண் அது. ஒரு குழந்தையின் துன்பம் எத்தனை ஆண்டுகள் நீடித்தது, எந்த வயதில் வந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது.

பக்கத்தில் யார் இருந்தார் என்ற அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாயி தீவில் உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் துருவினார்கள். 1955இல் அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளை 1, 2, 10, 18, 32, 40 ஆகிய வயதுகளில் அவர்களுடைய குழு சந்தித்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வறுமை, பிறப்பின்போது ஏற்பட்ட சிக்கல், பெற்றோர் பிணக்கு, பெற்றோரின் குடிநோய் அல்லது மனநோய் என்று நான்கும் அதற்கு மேலுமான இடர்களை இரண்டு வயதுக்குள்ளேயே சந்தித்துவிட்டவர்கள். இந்த இடர்மிகு குழுவில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ கடுமையான சிக்கல்கள் 18 வயதுக்குள் தோன்றின. மீதிப் பேர், அதாவது 72 பேர், திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் கொண்ட இளைஞர்களாக வளர்ந்தார்கள்.

அந்த 72 பேரிடம் என்ன இருந்தது? சிலருக்கு இயல்பிலேயே சுறுசுறுப்பும் இணக்கமும் இருந்தன. சிரித்துப் பழகும் மழலையை யாரும் தூக்கிக்கொள்வார்கள். பெற்றோர் தள்ளாடிய வீடுகளிலும், தாத்தா பாட்டியோ சித்தியோ அக்காவோ என்று நிலையான ஒருவர் அந்தக் குழந்தையோடு தொடக்க ஆண்டுகளில் ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஓர் ஆசிரியர், ஒரு வழிபாட்டுக் குழு, மனத்தைச் செலுத்த ஒரு பொழுதுபோக்கு, தன்னால் ஆகும் என்று உணரவைத்த ஒரு பொறுப்பு. இவற்றைப்போலவே என் மனத்தில் தங்கிய கண்டுபிடிப்பு இன்னொன்று. 18 வயதில் சிக்கலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 30களிலும் 40களிலும் மீண்டிருந்தார்கள். மறுபடி படிக்கக் கிடைத்த வாய்ப்பு, நிலையான வேலை, பற்றுள்ள வாழ்க்கைத்துணை, சேர்த்துக்கொண்ட ஒரு சமூகம் ஆகியவை அவர்களுடைய திருப்புமுனைகளாக இருந்தன. பதினெட்டு வயதில் ‘கைவிட வேண்டியவர்கள்’ என்று கணித்திருந்தால் அவர்கள் விஷயத்தில் நாம் தவறியிருப்போம்.

‘மீள்திறன்’ என்ற சொல்லிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. ‘திறன்’ என்றவுடன் அது குழந்தைக்குள்ளே இருக்கும் ஒரு சொத்து, சிலருக்கு வாய்த்தது, சிலருக்கு வாய்க்காதது என்று தோன்றிவிடுகிறது. நம் மொழியில் இதற்கு இன்னும் நேர்மையான சொல் ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. நோயாளி தேறிவிட்டார் என்கிறோம். தேர்வில் தேறினாள் என்கிறோம். அந்தத் ‘தேறு’ என்பதன் பிறவினை ‘தேற்று’. துயரத்தில் இருப்பவரை ஒருவர் தேற்றுகிறார், அவர் தேறுகிறார். கவாயி தீவின் பதிவுகளைப் படிக்கும்போது, தேறிய ஒவ்வொரு குழந்தையின் பின்னாலும் தேற்றிய ஒருவரைத்தான் தேடத் தோன்றுகிறது. 2001இல் அமெரிக்க உளவியலாளர் ஆன் மாஸ்டன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னதும் ஏறத்தாழ இதுவே: மீள்வது ஏதோ அபூர்வக் குழந்தைகளின் அரிய வரம் அன்று, அன்பான பெரியவரின் பிணைப்பு, சரியாக வளரும் மூளை, தன்னை அடக்கியாளும் பழக்கம், கற்கும் ஆர்வம் ஆகிய சாதாரண மனித ஏற்பாடுகள் சிதையாமல் இருந்தால் அது நிகழ்கிறது. சூழல் அந்த ஏற்பாடுகளையே சிதைக்கும்போதுதான் குழந்தை வீழ்கிறது.

அவை சிதைந்தால் என்னவாகும் என்பதை ருமேனியாவின் காப்பகங்கள் காட்டின. 1989 டிசம்பரில் அந்நாட்டின் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபின், தொட்டிலில் கிடத்தப்பட்டு, தூக்குவாரும் பேசுவாரும் இன்றிக் கிடந்த குழந்தைகளை உலகம் கண்டது. அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்தெடுத்துச் செல்லப்பட்ட 165 குழந்தைகளை ரட்டரின் குழு பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது. காப்பகத்தில் ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு, நல்ல வீட்டில் ஆண்டுகள் பல வாழ்ந்தபின்னும், கவனக் குறைவும் முன்பின் அறியாதவரோடும் வரம்பின்றி ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் நீங்கவில்லை. எனினும் அவர்களிலும் ஏறத்தாழ ஐந்திலொருவர் எந்தக் கட்டத்திலும் குறிப்பிடத்தக்க சிக்கலின்றி வளர்ந்தார். 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய மற்றோர் ஆய்வு, காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஒப்பிட்டது. குடும்பத்துக்குச் சென்றவர்கள் முன்னேறினார்கள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் சென்றவர்களின் பாசப் பிணைப்பு நன்றாக மீண்டது. காலம் கடத்துவதற்கு விலை உண்டு என்பதற்கும், காலம் கடந்துவிட்டது என்று கைகழுவ உரிமை இல்லை என்பதற்கும் இந்த ஆய்வுகள் ஒருசேரச் சான்று தருகின்றன.

மீள்திறன் என்ற கருத்து பரவியதால் விளைந்த நன்மைகளோடு ஒரு தீமையும் வந்தது. ‘குழந்தைகள் எதையும் தாங்கிக்கொள்வார்கள்’ என்று சொல்லித் தலையிடாமல் இருப்பதற்கு அது சாக்காகிவிட்டது. வெளியே தெரியும் சமாளிப்பு உள்ளே இருக்கும் நலத்துக்குச் சான்றாகாது என்பதை 1991இலேயே உளவியலாளர் சுனியா லூதர் எடுத்துக்காட்டினார். கடும் நெருக்கடியிலும் பள்ளியில் திறம்பட நடந்துகொண்ட பதின்வயதினருக்கு, நெருக்கடியின்றி அதே அளவு திறம்பட நடந்துகொண்டவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறக் கறுப்பின இளையோரை நெடுங்காலம் ஆராய்ந்த ஜீன் பிராடியின் குழு, வறுமையை வென்று படிப்பிலும் நடத்தையிலும் சிறந்து நின்றவர்களின் உடலில் நீடித்த அழுத்தத்தின் தேய்மானம் மிகுந்திருந்ததைக் கண்டது. ஒரு குழந்தை தாங்குவதற்கான விலையைத் தன் உடலிலிருந்தே செலுத்திக்கொண்டிருக்கலாம்.

விக்டோரியா கிளிம்பி என்ற சிறுமியின் வழக்கு இந்த இடத்தில் நினைக்கப்பட வேண்டியது. ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து, நல்ல படிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் பாட்டிமுறை உறவினரோடு அனுப்பிய அவள், லண்டனில் அந்த உறவினராலும் அவருடைய துணைவராலும் வதைக்கப்பட்டு 2000 பிப்ரவரி 25 அன்று எட்டு வயதில் இறந்தாள். உடலில் 128 காயங்கள் இருந்தன. லார்டு லேமிங் 2003 ஜனவரியில் அளித்த விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 தருணங்கள் தவறவிடப்பட்டதைப் பதிவு செய்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவள் சிரித்த முகமாக வளையவந்ததைச் செவிலியர் நினைவுகூர்ந்தார்கள். தன்னை வளர்ப்பவர்கள் முன் அவள் விறைத்து நின்றதைக் கண்ட பணியாளர், அது அந்தப் பண்பாட்டுக்குரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டார். சிரிப்பு நலமாகவும் அச்சம் பணிவாகவும் படிக்கப்பட்டன. நான் தொடக்கத்தில் சொன்ன எட்டு வயதுச் சிறுமியின் சிரிப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது. அவளுடைய அண்ணன் உடைக்கும் பொருள்களில், யாராவது வந்து கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பாவது மிச்சமிருக்கலாம்.

அப்படியானால் இடரையும் மீள்திறனையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? பிரிஜிட் டேனியல், சாலி வாசெல், ராபி கில்லிகன் ஆகியோரின் எழுத்துகளால் ஸ்காட்லாந்தில் பரவிய முறை ஒன்றில் இரண்டு கோடுகள் குறுக்காக வரையப்படுகின்றன. ஒரு கோடு குழந்தையின் நிலையைக் காட்டும்: ஒரு முனையில் மீள்திறன், மறுமுனையில் எளிதில் பாதிப்படையும் தன்மை. மற்றொன்று குழந்தையைச் சுற்றியுள்ள உலகைக் காட்டும்: ஒரு முனையில் காக்கும் சூழல், மறுமுனையில் வதைக்கும் சூழல். கோடுகளை இரண்டாக வைத்ததில்தான் இம்முறையின் பயன் முழுவதும் இருக்கிறது. குழந்தை கெட்டிக்காரியாக இருப்பதால் சூழலின் கொடுமை ஒரு மயிரிழையும் குறைந்துவிடுவதில்லை. பலத்தை ஒரு பக்கமும் ஆபத்தை மறுபக்கமும் எழுதி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் கணக்கு இங்கே செல்லாது.

பாதுகாப்புக் காரணி என்று எழுதப்படும் ஒவ்வொன்றும், இந்த வீட்டின் இந்த ஆபத்தைத் தடுக்குமா என்று உரசிப் பார்க்கப்பட வேண்டும். ‘பக்கத்துத் தெருவில் பாட்டி இருக்கிறார்’ என்பது கேட்க இதமான வாக்கியம். தந்தை குடித்துவிட்டு வரும் இரவில் அந்தச் சிறுமியால் அங்கே போக முடியுமா? வழி தெரியுமா, கதவு திறக்குமா? இதற்கு முன் எப்போதாவது அப்படிப் போயிருக்கிறாளா? மறுநாள் காலையில் தந்தை வந்து கேட்டால் பாட்டி அவளை அனுப்பிவிடுவாரா? இவற்றுக்கு விடை தெரியாதவரை, பாட்டி பாதுகாப்பாக ஆகக்கூடிய ஒருவர் மட்டுமே. பாதுகாப்பாக ஆகிவிட்டவர் அல்லர். இந்தக் கேள்விகளைச் சிறுமியிடமே, தனியாக, அவசரமின்றிக் கேட்க வேண்டும். தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு அவளுக்குத் தந்திருக்கிறது.

குழந்தையை வீட்டிலிருந்து அகற்றுவதும் இடர் இல்லாத செயல் அன்று. சில வேளைகளில் அது ஒன்றே உயிர் காக்கும் வழி. அப்போது தயங்கக் கூடாது. ஆனால் பள்ளியும் நண்பர்களும் உடன்பிறந்தவரும் ஒரே நாளில் பறிபோகும்போது, இதுவரை அவளைத் தேற்றிவந்தவையும் உடன் போய்விடக்கூடும். இடம் மாற்றப்பட்டே தீரவேண்டிய குழந்தைக்கும் பழைய ஆசிரியரோடு தொடர்பும், பழகிய விளையாட்டும், அண்ணனோடு ஒரே கூரையும் மிஞ்சும்படி திட்டமிட முடியும். இவற்றை வசதிகள் என்று எண்ணுவது தவறு; சிகிச்சையின் பகுதியே இவைதான். கொடுமைக்கு ஆளான குழந்தை உடலாலும் மனத்தாலும் மீள்வதற்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று சொல்லும் அதே உடன்படிக்கையின் 39ஆவது பிரிவு, அந்த மீட்சி குழந்தையின் உடல்நலத்தையும் தன்மதிப்பையும் கண்ணியத்தையும் வளர்க்கும் சூழலில் நிகழ வேண்டும் என்கிறது. மீள்வதற்கான பொறுப்பு அங்கே குழந்தையின் தோளில் ஏற்றப்படவில்லை.

பணியாளரும் தன் தீர்மானத்தைத் திரும்பத் திரும்பச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள்மீதான கொடுமை பற்றிப் பிரிட்டனில் நடந்த விசாரணைகளின் அறிக்கைகளை ஆராய்ந்த ஆய்வாளர் ஐலீன் மன்ரோ, ஒரு குடும்பத்தைப் பற்றி முதலில் உருவான கருத்தைப் புதிய சான்று வந்தபின்னும் மாற்றிக்கொள்ளத் தயங்குவது அடிக்கடி நேரும் பிழை என்று 1999இல் எழுதினார். தனியொருவராகச் சுமக்கும்போது இந்தத் தயக்கம் கூடுகிறது. கோப்பை வேறொருவர் வாசித்து ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் வழக்கமும், அப்படிக் கேட்பதற்கு நேரம் மிச்சமிருக்கும் அளவான வேலைப் பங்கீடும் இருந்தால்தான் இந்தத் துறையில் நேர்மையாக வேலை செய்ய முடியும்.

இனி அந்த எட்டு வயதுச் சிறுமியின் கோப்புக்கு வருவோம். ‘நன்றாகச் சமாளிக்கிறாள்’ என்ற வரி அடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வேறு சில வரிகள் எழுதப்பட வேண்டும். தாய்க்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பை எந்தப் பெரியவர், எந்த நாளிலிருந்து ஏற்கிறார்? தந்தை வன்முறையைக் கைவிட்டதற்குச் சான்று கிடைக்கும்வரை அவர் எங்கே தங்குகிறார், அதை யார் கண்காணிக்கிறார்? தாயின் சிகிச்சை எப்போது தொடங்குகிறது? இரவில் சிறுமி யாரிடம் ஓடுவாள், அவருக்கு இது தெரியுமா? அவள் நெருங்கிப் பேசும் ஆசிரியர் யார்? அடுத்த முறை அவளைத் தனியே சந்திக்கும் நாள் எது? அந்தச் சந்திப்பில் அவள் சிரிக்காமல் இருந்தாலும், எரிந்து விழுந்தாலும், அழுதாலும், நிலைமை மோசமாகிவிட்டது என்று உடனே எழுதிவிட வேண்டாம். சமாளிப்பதைச் சற்றே இறக்கிவைக்க முடிந்ததன் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம்.